பில்டரின் 5 ஆண்டுப் பொறுப்பு முடிவதற்குள் வீட்டைச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021, 2022 வாக்கில் அடுக்குமாடிகளில் சாவி வாங்கியவர்களுக்கு இப்போது ஒவ்வொருவராக 5 ஆண்டு முடிந்துகொண்டு வருகிறது. கட்டி முடித்த வீடுகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் பொறியாளர் என்பதால், சென்னையிலும் புறநகரிலும் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். சட்ட விஷயங்கள் தமிழ்நாட்டில் ரெரா பதிவு பெற்ற அடுக்குமாடித் திட்டங்களை மனதில் வைத்து எழுதியவை. தனி வீட்டுக்காரர்களுக்கும் கீழே ஒரு பதில் உண்டு.

5 ஆண்டுப் பொறுப்பு என்கிறார்களே, அது என்ன?

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், அதாவது நாம் ரெரா என்று சொல்வது, 14ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் இதைச் சொல்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, பொருளின் தரத்திலோ, தருவதாகச் சொன்ன வசதிகளிலோ குறை இருப்பதை நீங்கள் பில்டரின் கவனத்துக்குக் கொண்டுபோனால், அவர் 30 நாளுக்குள் அதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் உங்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது "கவனத்துக்குக் கொண்டுபோனால்" என்ற இடத்தைத்தான். 5 ஆண்டுக்குள் குறை இருந்தது என்பது மட்டும் போதாது. அந்தக் காலத்துக்குள் நீங்கள் சொன்னீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சோதனை, படம், கடிதம் என்று நான் அடித்துச் சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் போட்டிருக்கிறது. பில்டர் அலுவலகத்திலும் அதையேதான் சொல்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம் தரும் 5 ஆண்டைக் குறைக்க முடியாது. மற்றச் சட்டங்களோடு முரண்பட்டால் ரெராவே மேலோங்கும் என்று 89ஆம் பிரிவு சொல்கிறது. கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டதால் எங்கள் பொறுப்பு முடிந்தது என்ற பேச்சும் எடுபடாது. பத்திரம் பதிவான பிறகும் குறைகளுக்கான பொறுப்பு தொடரும் என்று 11ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர், குழாய், சுவிட்ச் போன்றவற்றுக்கு அவற்றைத் தயாரித்த கம்பெனியின் உத்தரவாதம் தனியாக இருக்கும். அது பெரும்பாலும் குறுகிய காலம்தான். 4 வருடம் புழங்கிய குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டினால் அது கட்டுமானக் குறை ஆகாது. அதையும் பட்டியலில் சேர்த்தால் உண்மையான குறைகளின் கனம் குறைந்துவிடும்.

எந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும்?

வீடு உங்கள் கைக்கு வந்த தேதி. ஒப்படைப்புக் கடிதம் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள், அதில் இருக்கும் தேதிதான் கணக்கு. நம் ஊரில் பிரிக்கப்படாத மனைப்பங்கை முதலில் பதிவுசெய்து, கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் போடும் வழக்கம் வெகுகாலம் இருந்தது. அப்படி வாங்கியவர்களின் பத்திரத் தேதி சாவி கொடுத்ததற்கு இரண்டு மூன்று வருடம் முந்தையதாக இருக்கும். அதைப் பார்த்து, "காலம் முடிந்துவிட்டது" என்று நீங்களே விட்டுக்கொடுத்துவிட வேண்டாம். ஒப்படைப்புக் கடிதம் கிடைக்கவில்லையென்றால் சாவி வாங்கிய மின்னஞ்சல், முதல் பராமரிப்புக் கட்டண ரசீது போன்றவற்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

அப்படியானால் கடைசி மாதத்தில் சோதித்தால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

வீட்டில் வரும் குறைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் தண்ணீரோடு சம்பந்தப்பட்டவை. தண்ணீர்க் குறை வெயில் காலத்தில் ஒளிந்துகொள்ளும். மே மாதம் வந்து பார்த்தால் சுவர் காய்ந்திருக்கும். ஈரமானி எதையும் காட்டாது. நானும் "பழைய ஈரத்தின் தடம் உள்ளது" என்று மட்டும்தான் எழுத முடியும். அதே சுவர் நவம்பரில் கையை வைத்தாலே ஜில்லென்று இருக்கும்.

ஆகவே 5 ஆண்டு முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னால் வரும் கடைசி வடகிழக்குப் பருவமழை எது என்று பாருங்கள். சென்னை, கடலோர மாவட்டங்களுக்கு அது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உதாரணமாக, 2022 ஏப்ரலில் சாவி வாங்கியவருக்கு 2027 ஏப்ரலில் காலம் முடிகிறது. அவருக்குக் கடைசி வாய்ப்பு 2026 மழைக்காலம். நவம்பர் நடுவிலோ டிசம்பர் முதல் பாதியிலோ, நன்றாக இரண்டு மூன்று மழை அடித்த பிறகு சோதிக்க வேண்டும். ஜனவரிக்குள் கடிதம் போய்விட வேண்டும். பில்டர் ஒட்டுவேலை செய்தாலும், அது நின்றதா என்று பார்க்கக் கொஞ்சம் அவகாசம் மிஞ்சும்.

செப்டம்பரில் காலம் முடிகிறவர்கள் இன்னும் முன்னதாகவே யோசிக்க வேண்டும். அவர்களுக்குக் கடைசிப் பருவமழை முந்தைய வருடமே போய்விடும். குமரி மாவட்டம் போலத் தென்மேற்கு மழையும் சேர்ந்து கிடைக்கும் இடங்களில் இருப்பவர்களுக்கு ஜூன், ஜூலையும் ஒரு நல்ல சந்தர்ப்பம்.

சரி, மழைக்காலம் தவறிவிட்டது, இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்றால்? இருப்பதைச் சோதியுங்கள். பழைய படங்களைத் தேடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் "எங்க வீட்டு ஹால் சுவர்ல தண்ணி வருது" என்று படம் போட்டவர்கள் ஏராளம். குழுவில் போட்டது பில்டருக்குச் சொன்னதாகாது. ஆனால் அந்தப் படத்தைத் தேதியோடு எடுத்து இப்போது கடிதத்தில் இணைத்தால் அது நல்ல ஆதாரம்.

நானே பார்த்துக்கொள்ளலாமா, பொறியாளர் அவசியமா?

முதல் சுற்றை நீங்களேதான் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் அந்த வீட்டில் வாழ்கிறவருக்குத் தெரிவது, மூன்று மணி நேரம் வந்து போகிறவருக்குத் தெரியாது. எந்தக் கதவு மழையில் பிடிக்கிறது, எந்தக் குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது, எந்த அலமாரிக்குள் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பொறியாளர் வரும்போது அந்த நோட்டுதான் அவருக்கு வழிகாட்டி.

பொறியாளர் தேவைப்படுவது இரண்டு காரணத்துக்கு. ஒன்று, குறையின் மூலத்தைக் கண்டுபிடிக்க. இரண்டு, பில்டரோ ரெரா ஆணையமோ உங்கள் பேச்சை எடை போடும்போது கையெழுத்தோடு ஓர் அறிக்கை இருக்க. உள்ளாட்சி அமைப்பில் பதிவு பெற்றவராகவும், அந்த பில்டரோடு தொழில் தொடர்பு இல்லாதவராகவும் இருக்கட்டும். பில்லர், பீம், தளத்தில் சந்தேகம் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரே வர வேண்டும்.

இலவசச் சோதனை என்று விளம்பரம் செய்யும் வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகளை இதற்குக் கூப்பிடாதீர்கள். அவர்கள் தங்கள் வேலையை நன்றாகச் செய்பவர்களாக இருக்கலாம். ஆனால் அவர்கள் கொடுக்கும் தாள் பெரும்பாலும் கொட்டேஷனாகத்தான் இருக்கும். குறை யாருடையது, எதனால் வந்தது என்பது அதில் இருக்காது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரம் எப்போது கூடுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மழை பெய்த மறுநாள் கூடுகிறதா? வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டை மாடி, இவற்றில் ஒன்று. யாராவது குளித்த பிறகு கூடுகிறதா? கழிவுநீர்ப் பாதை அல்லது குளியலறைத் தரை. மழையும் இல்லை, குளியலும் இல்லை, 24 மணி நேரமும் ஒரே மாதிரி ஈரமா? சுவருக்குள் போகும் அழுத்தக் குழாயில் கசிவு இருக்கலாம். வீட்டுக்குத் தனி வாட்டர் மீட்டர் இருந்தால், படுக்கப் போகும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் கசிவு உறுதி.

நம் அடுக்குமாடிகளில் அதிகம் தொல்லை கொடுப்பது குளியலறையின் தாழ்தளம். குழாய்களைப் பதிப்பதற்காகத் தளத்தை ஒரு அடி போல இறக்கிக் கட்டி, செங்கல் துண்டுகளை நிரப்பி, மேலே டைல்ஸ் போட்டுவிடுவார்கள். உள்ளே வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லையென்றால் தண்ணீர் அந்த நிரப்புக்குள் தொட்டி போலச் சேரும். சேர்ந்த பிறகு கீழ்வீட்டுக் கூரையிலோ, பக்கத்துப் படுக்கையறைச் சுவரிலோ எட்டிப் பார்க்கும்.

சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பட்டி பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெளிச்சுவர் ஈரம் என்று சொல்லி பில்டரின் ஆட்கள் வெளியே இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரமானியை வைத்துக் கீழிருந்து மேலாக அளந்தபோது தரை ஓரத்தில் அதிகம், இடுப்பு உயரத்தில் ஒன்றுமில்லை. மழைநீர் என்றால் ஜன்னல் மட்டத்திலும் தெரிந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. வடிகால் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை இரண்டு விரல்கடை உயரத்துக்கு நிறுத்தினோம். மறுநாள் மதியம் படுக்கையறைச் சுவரின் அடியில் ஒட்டிய டைல்ஸ் பட்டை (ஸ்கர்ட்டிங்) இடுக்கில் லேசான நீலம் தெரிந்தது. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். அருகிலேயே ஒரு அகலமான பாத்திரத்தில் அதே அளவு தண்ணீர் வையுங்கள். ஆவியாகிப் போனது எவ்வளவு என்று அதைப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

வடகிழக்கு மழைச் சாரல் அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில்தான். அங்கே இருக்கும் ஜன்னல்களின் சிலிகான் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா, ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். துளையை அடைத்தது தூசி என்றால் நீங்களே குத்திவிடலாம். ஜன்னலுக்கு வெளியே கீழே உள்ள திண்டு (சில்) வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது கட்டுமானக் குறை, பட்டியலில் சேருங்கள்.

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

பூச்சில் வலை போல ஓடும் மயிரிழை விரிசல்கள் சிமெண்ட் காயும்போது வருபவை. பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆபத்தில்லை. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக ஓடும் விரிசல் இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. அந்த இணைப்பில் கம்பிவலை வைத்துப் பூசியிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காது. ஆகவே அது வேலைத்தரக் குறை, தாராளமாகக் கேட்கலாம்.

ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல்களையும், செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு போல ஏறும் விரிசல்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும். அகலம் நாளுக்கு நாள் கூடினால் அஸ்திவாரம் சமமின்றி இறங்குகிறதா என்று சோதிப்பது அவசியம். களிமண் நிலத்திலும் ஏரியைத் தூர்த்த இடத்திலும் கட்டிய வீடுகளில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் விரிசல் கையேடு 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதை மெல்லிய விரிசல் என்றும், 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அகலமான விரிசல் என்றும் வகைப்படுத்துகிறது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டி ஓடியிருந்தால் விரிசல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பில்லரிலோ பீமிலோ கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஓடும் விரிசல், துருக்கறை, தட்டினால் பொக்கென்று கேட்கும் கான்கிரீட், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே எழுத்தில் கொடுங்கள். உள்ளே கம்பி துருப்பிடிக்கும்போது ஊதும். ஊதி, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். கடலோரக் காற்றும் உப்புத் தண்ணீரும் இதை வேகப்படுத்தும். குருகிராமில் 2022 பிப்ரவரி 10 அன்று ஓர் அடுக்குமாடியின் தளங்கள் சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பின்னர் ஆய்வு செய்த டெல்லி ஐஐடி, கான்கிரீட்டில் குளோரைடு கலந்து கம்பிகள் அரித்திருப்பதைக் கண்டது. போரூரிலோ ஓஎம்ஆரிலோ எல்லாக் கட்டடமும் அப்படி என்று சொல்ல வரவில்லை. துருக்கறையைப் பெயிண்ட் அடித்து மறைக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

இந்த மாதிரி இடங்களில் கான்கிரீட்டை உடைக்காமல் சோதிக்க ரீபவுண்ட் ஹேமர், அல்ட்ராசோனிக் என்று சில முறைகள் உண்டு. ரீபவுண்ட் ஹேமர் காட்டுவது மேற்பரப்பின் கடினம்தான். அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கான்கிரீட் நல்லது, கெட்டது என்று யாராவது தீர்ப்புச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெரிய சந்தேகம் என்றால் அசோசியேஷன் மூலம் அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி போன்ற இடங்களை அணுகலாம். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்ததாகப் புகார் எழுந்தபோதும், தரத்தை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடியிடம்தான் கொடுக்கப்பட்டது.

டைல்ஸ், மின்சாரம், மற்றவை?

டைல்ஸை ஒரு நாணயத்தாலோ மரக்கட்டையாலோ தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை நிரம்பாத இடம் வெற்றொலி கொடுக்கும். அங்கே சாக்பீஸால் குறியிட்டுப் படம் எடுங்கள். பால்கனி, குளியலறை, யுட்டிலிட்டியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் அது தானாக வடிகாலுக்கு ஓட வேண்டும். மூலையில் தேங்கினால் வாட்டம் சரியில்லை.

மின்பெட்டியில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும், அதில் "டி" என்ற பொத்தானை அழுத்துங்கள். உடனே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அது வெறும் அலங்காரம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். எர்த் இணைப்பையும், ஏசி, கீசர் லைன்களில் ஒப்பந்தத்தில் சொன்ன தடிமனில் ஒயர் போட்டிருக்கிறார்களா என்பதையும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மேல்வீட்டுக் குளியலறைதான் காரணம் என்று தெரிகிறது. அவர்கள் சோதிக்க விட மறுக்கிறார்கள்.

இது நிறைய நடக்கிறது. பில்டர் வந்து தங்கள் டைல்ஸை உடைத்துவிடுவார், அதே டைல்ஸ் மறுபடி கிடைக்காது என்ற பயம்தான் அவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானதே. தரையைத் திறந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் பில்டருடையதுதான் என்பதைக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள், அந்த நகலை அவர்களிடம் காட்டுங்கள். அசோசியேஷன் செயலாளரை நடுவில் வைத்துப் பேசினால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். குறை அவர்கள் வீட்டுத் தரையில் இருப்பதால் அவர்களும் தங்கள் பெயரில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

மொட்டை மாடி, பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி இவற்றை யார் சோதிப்பது?

அசோசியேஷன். ரெராவில் தனி நபரைப் போலவே உரிமையாளர் சங்கமும் புகார் கொடுக்கலாம். பொதுப்பகுதிக்கு எந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டு என்பதில் சண்டை வரக்கூடும். ஆகவே வளாகத்தில் முதல் வீட்டுக்குச் சாவி கொடுத்த தேதியை வைத்துக்கொண்டு அதற்குள் முடித்துவிடுவது பாதுகாப்பு.

மொட்டை மாடியில் தட்டோடுகளின் இணைப்பு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதி ஆகிய நான்கும் முக்கியம். அடித்தளப் பார்க்கிங்கில் தடுப்புச் சுவர்களின் இணைப்புகளைப் பாருங்கள். கட்டடத்தின் கட்டமைப்பு, பிளம்பிங், மின்சார வரைபடங்களைச் சங்கத்திடம் ஒப்படைப்பது 17ஆம் பிரிவின்படி பில்டரின் கடமை. இன்னும் வாங்கவில்லையென்றால் இதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வரைபடம் இல்லாமல் சுவருக்குள் குழாயைத் தேடுவது இருட்டில் தேடுவதுதான்.

பில்டருக்கு எப்படி எழுதுவது?

"வீட்டில் நிறைய லீக்கேஜ் இருக்கிறது, தயவுசெய்து பார்க்கவும்" என்று எழுதினால் பதில் வராது. வந்தாலும் பிளம்பரை அனுப்புவார்கள். ஒவ்வொரு குறைக்கும் எண், இடம், அளவு, எப்போது கவனித்தது, எந்தப் படம் என்று இருக்க வேண்டும். இப்படி:

"குறை எண் 7. பெரிய படுக்கையறை, கிழக்குச் சுவர். ஜன்னலின் இடது கீழ்மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக 60 செ.மீ. நீள விரிசல், அதிகபட்ச அகலம் 1.5 மி.மீ. மழைக்கு மறுநாள் விரிசலைச் சுற்றி ஈரம். முதலில் கவனித்தது நவம்பர் 2025. படங்கள் 14 முதல் 17 வரை."

மேலே வீட்டு எண், ஒப்படைத்த தேதி, திட்டத்தின் ரெரா பதிவு எண். கீழே, 14(3) பிரிவின்படி 30 நாளுக்குள் சரிசெய்யக் கோருகிறேன் என்று ஒரு வரி. கோபமான வாசகங்கள் வேண்டாம், நாளை இந்தக் கடிதத்தை வேறொருவர் படிக்கப்போகிறார். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பராமரிப்பு ஆப்பில் டிக்கெட் போட்டிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். ஆப்பை மாற்றினால் பழைய டிக்கெட்டுகள் காணாமல் போய்விடும்.

பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டு "முடிந்தது" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், "மேற்பூச்சு மட்டும் செய்யப்பட்டது. கசிவின் மூலம் திறந்து பார்க்கப்படவில்லை. அடுத்த மழைக்குப் பிறகே உறுதி செய்ய முடியும்" என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள். வேலை நடக்கும்போதே படம் எடுப்பது இன்னும் நல்லது.

30 நாள் ஆகிவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை.

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். குறையைச் சரிசெய்ய உத்தரவிடக் கோருவது ஆணையத்திடம், படிவம் எம். இழப்பீடு கேட்பது தீர்ப்பளிக்கும் அலுவலரிடம், படிவம் என். இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்தேதான் இருக்கிறது. அங்கே வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தையும் பொறியாளர் அறிக்கையையும்தான்.

இன்டீரியர் வேலை செய்ததால் எங்கள் பொறுப்பு போயிற்று என்கிறார் பில்டர்.

முழுப் பொறுப்பும் போகாது. உங்கள் ஆள் துளைபோட்ட சுவரில் குழாய் உடைந்தால் அது உங்கள் தலையில். குளியலறை டைல்ஸை மாற்றியிருந்தால், வாட்டர்ப்ரூஃபிங்கைக் கெடுத்தது நீங்கள்தான் என்று சொல்ல அவருக்கு இடமுண்டு. ஆனால் மாடுலர் கிச்சன் போட்டதற்கும் படுக்கையறை வெளிச்சுவரில் வரும் மழைநீருக்கும் சம்பந்தமில்லை. பொறியாளர் அறிக்கையில் இந்தக் காரண விளக்கம் தெளிவாக இருக்கட்டும்.

இரண்டாவது கையாக வாங்கினேன். எனக்கும் உண்டா?

உண்டு. முதலில் வாங்கியவரிடமிருந்து கிரயமாகவோ வேறு வகையிலோ பெற்றவரையும் சட்டம் ஒதுக்கீடு பெற்றவராகவே, அதாவது முதலில் வாங்கியவரைப் போலவே கருதுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை. 5 ஆண்டு என்பது முதல் ஒப்படைப்பிலிருந்துதான் ஓடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உரிமையாளர் பில்டருக்கு எழுதிய மின்னஞ்சல்கள் இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், குடியிருப்பவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். அவருக்கு வாட்டர்ப்ரூஃபிங் பற்றிக் கவலைப்படக் காரணமே இல்லை.

சின்ன பில்டர், மொத்தமே 6 வீடு. அல்லது சொந்த மனையில் கான்ட்ராக்டர் கட்டியது.

நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, வீடுகள் 8க்கு மேல் இல்லாவிட்டாலோ ரெரா பதிவு கட்டாயமில்லை. சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியதற்கும் ரெராவின் 5 ஆண்டு பொருந்தாது. உங்கள் கையில் இருப்பது ஒப்பந்தமும் நுகர்வோர் சட்டமும். வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொள்கிறது. கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையை முதல் மழைக்காலம் முடிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லி, கட்டப்போகிறவர்களிடம் நான் எப்போதும் வற்புறுத்துவேன். ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் முதல் மழையிலேயே சோதித்து, உடனே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

5 ஆண்டு முடிந்து 4 மாதம் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

முதலில் உங்கள் மின்னஞ்சலில் பில்டரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மூன்றாம் வருடம் "பால்கனிச் சுவரில் ஈரம்" என்று இரண்டு வரி எழுதி, அவர்கள் ஆள் அனுப்பிப் பூசிவிட்டுப் போய், இன்று அதே இடத்தில் மறுபடி ஈரம் என்றால், நீங்கள் அன்றைக்கே அவர்கள் கவனத்துக்குக் கொண்டுபோய்விட்டீர்கள் என்று வாதாட முடியும். அந்த மின்னஞ்சல், அவர்கள் பதில், ஆள் வந்துபோனதைக் காட்டும் கேட் பதிவேட்டுக் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கேளுங்கள். உங்களுக்குப் பிறகு சாவி வாங்கியவருக்கு இன்னும் காலம் இருக்கலாம், அதே குறை பொதுச்சுவரில் அவர் பக்கமும் இருந்தால் அவர் பெயரில் கடிதம் இந்த வாரமே போகட்டும்.